ரூபாய்க்குப் பன்னிரண்டு பைசா!

ஐஸ்லாந்துத் தலைநகர் ரேக்யவிக்கில் ஓட்டல் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் அழுகின முட்டை வாடை! பூமிக்கடியிலிருந்து வருகிற கந்தக சமாச்சாரமாம். மூக்கைப் பிடித்தபடி குளித்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பினேன்.

செஸ் ரசிகர்களுக்கு இந்த ஊர் என்றால் 1972 ஃபிஷர் - ஸ்பாஸ்கி மேட்ச். எனக்கோ 2004 மார்ச். இங்கே நடந்த ரேபிட் போட்டியில், காஸ்பரோவ் எதிரே உட்கார்ந்தான் 13 வயது நார்வே பையன் மேக்னஸ் கார்ல்சன். ரேட்டிங், அவருக்கு 2831, இவனுக்கு 2484. நான் பி.காம். ஆச்சே, கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? 347 பாயிண்ட் வித்தியாசத்துக்குப் பையனிடம் எதிர்பார்ப்பது சுமார் 0.12 பாயிண்ட். ரூபாய்க்குப் பன்னிரண்டு பைசா!

காஸ்பரோவ் தலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்க, பையன் எழுந்து போய்ப் பக்கத்து மேஜைகளை வேடிக்கை பார்த்தான். ஒரு கட்டத்தில் அவன் ஜெயித்துவிடுவான் போலிருந்தது. கடைசியில், 52 நகர்த்தலில் டிரா. ஐம்பது பைசா! பையனுக்கு அது லாபம். முன்னாள் சாம்பியனுக்கு? முழு நஷ்டம் சார். அடுத்த ஆட்டத்தில் அவனைத் தோற்கடித்து வெளியேற்றினார் என்பது வேறு விஷயம்.

அதே பையன் 2013-ல் நம்ம சென்னைக்கே வந்து, ஆனந்திடமிருந்து உலகப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனபோது எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அந்த டிராவிலேயே நோட்டீஸ் கொடுத்திருந்தான், நாம்தான் படிக்கவில்லை.

ஏரிக்கரைக் குளிரில் நடுங்கியபடி, வீட்டுக்குப் போன் போட்டு முழுக் கதையையும் சொன்னேன்.

"அப்ப யாருமே ஜெயிக்கலையா? இதுக்கா அவ்வளவு செலவழிச்சுப் போனீங்க?" என்றாள் மனைவி.