மேஜர் சாட்விக்கும் பர்மா போன தாத்தாவும்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இறங்கி, ரமணாசிரம முற்றத்து இலுப்பை மரத்தைத் தாண்டினால் கூட்டம் மொத்தமும் பகவான் ரமணர் சமாதிக்குத்தான் திரும்புகிறது. நான் மேஜர் சாட்விக் சமாதிக்கு வழி கேட்டேன். "மேஜரா?" என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டு கையைக் காட்டினார் ஒரு பெரியவர்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர் சாட்விக். 1935 நவம்பரில் இங்கே வந்தவர், 1962-இல் இறக்கும்வரை இந்த ஊரையே வீடாக்கிக்கொண்டார். சாது அருணாசலா என்று பேர். ஆசிரமத்து மாத்ருபூதேஸ்வரர் சந்நிதியில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கிற ஸ்ரீசக்ர பூஜைக்குப் பின்னால் அவர் உழைப்பு இருக்கிறது. சமாதியில் துப்பாக்கி, கொடி என்று பட்டாளத்து அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை. நேற்றைய சாமந்தி ஒன்று வதங்கிக் கிடந்தது. அதன் காம்பை எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன. பசு லட்சுமிக்கும் ஒரு காக்கைக்கும்கூட சமாதி எழுப்பிய இடம் இது. இங்கே பட்டம் பதவிக்கு என்ன வேலை? ஆனாலும் ஆசிரமத்தில் இன்றும் அவர் 'மேஜர்'தான்.

இரண்டாம் உலகப் போர் இதே பகுதியில் ஒரு குடும்பத்தைப் பிரித்துப் போட்டது. பாங்காக்கில் பேராசிரியராக இருந்த ஆர்தர் ஆஸ்போர்ன், 1941-இல் மனைவி லூசியாவையும் மூன்று குழந்தைகளையும் இங்கே விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். டிசம்பரில் ஜப்பான் படை தாய்லாந்துக்குள் நுழைந்தது. ஆஸ்போர்ன் போர் முடியும்வரை முகாமில் அடைபட்டுக் கிடந்தார். சின்னப் பையன் ஆடம், அப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவரும்படி பகவானிடமே கேட்டானாம். 1945-இல் அப்பா வந்து சேர்ந்தார்.

வெளியே டீக்கடையில் முன்னாள் ராணுவத்தினர் ஒருவர், இப்போது செக்யூரிட்டி வேலை. பேச்சு போரில் வந்து நின்றதும், "எங்க தாத்தாவும் பர்மா சண்டைக்குப் போனவருதான் சார். திரும்பி வரல. போட்டோகூட கிடையாது. ஒரு மெடல் இருந்துச்சு, பாத்திரக்காரன்கிட்ட போட்டுட்டாங்க" என்றார்.

டீ ஆறிவிட்டது. வெள்ளைக்கார மேஜருக்கு சமாதி இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அவர் அதற்குத் தகுதியானவர். இந்தத் தாத்தாவுக்கு ஏன் ஒன்றுமில்லை என்பதுதான் உறுத்துகிறது. முதல் உலகப் போரிலும் இதே கதைதான். அதில் இறந்த இந்திய வீரர்கள் ஏறத்தாழ 74,000 பேர். தமிழ்நாட்டின் பல ஊர்களில் 1914–1919 என்று பொறித்த கல் சுவரில் இருக்கும்: இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் மாண்டார்கள் என்று. எண்ணிக்கை உண்டு, பேர் கிடையாது. சில கற்களில் சுண்ணாம்பும் சேர்ந்துவிட்டது. பக்கத்து வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர்; தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்.

ஆனால் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் உடல் கிடைக்காமல் போனவர்களின் பேர்கள், கிட்டத்தட்ட 27,000, யாங்கூன் பக்கம் தவுக்யானில் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். ஆங்கிலத்தில் நம் பேர்களைக் கன்னாபின்னாவென்று எழுதியிருப்பார்கள். நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டிலும் சண்டைக்குப் போய்த் திரும்பாத ஒரு தாத்தா இருந்தால், முதலில் பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ அவர் பேரையும் அவருடைய அப்பா பேரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தேடலை அங்கிருந்துதான் தொடங்க முடியும்.