மனசு ஏன் சோர்ந்து போகிறது?

புரட்டாசி பிறந்துவிட்டால் திருவேங்கடம் பக்கம் எல்லோரும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் கிடக்கிற கரிசல் பூமி அது. பெரும்பாலும் மானாவாரி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி என்று எதைப் போட்டாலும் மழையை நம்பித்தான் போட வேண்டும்.

ஒரு விவசாயி விதைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மழை ஏமாற்றிவிடுகிறது. கடன் வாங்கி இன்னொரு தடவை விதைக்கிறார். அதுவும் முளைத்த கையோடு கருகிப் போகிறது. மூன்றாவது தடவைக்கு விதை வாங்க வேண்டிய நாளில் அவர் கடைக்குப் போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். சோறு இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. யாராவது கேட்டால், "ஒண்ணும் ஓடலய்யா" என்று ஒரே வார்த்தை. வீட்டில் இருப்பவர்கள் பயந்து போகிறார்கள். ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். இந்தச் சோர்வே வராத ஒரு மனிதர் இருந்தால் என்ன செய்திருப்பார்? மூன்றாவது தடவையும் விதைத்திருப்பார். மனைவியின் கம்மலை அடகு வைத்து நாலாவது தடவையும் விதைத்திருப்பார். உற்சாகம் குறையவே குறையாத அந்த மனிதரின் குடும்பம்தான் முதலில் தெருவுக்கு வந்திருக்கும்! திண்ணையில் உட்கார்ந்தவரோ, மிச்சமிருந்த விதையையாவது காப்பாற்றிவிட்டார்.

மனச்சோர்வைப் பற்றிப் பரிணாமவியல் சொல்கிற விஷயத்தின் சுருக்கம் இதுதான். அமெரிக்க மனநல மருத்துவர் ராண்டால்ஃப் நெஸ்ஸி 2000-ம் ஆண்டில் ஒரு கட்டுரையில் இந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்டார்: மனச்சோர்வு ஒரு தகவமைப்பா? 2019-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது. வலி, இருமல், காய்ச்சல் இதெல்லாம் யாருக்கும் பிடிக்காது. ஆனால் அவை உடம்பின் பாதுகாப்பு ஏற்பாடுகள். பிறவியிலேயே வலி தெரியாத சிலர் உலகத்தில் இருக்கிறார்கள். கொடுத்து வைத்தவர்கள் என்று தோன்றும். ஆனால் காயம் பட்டது தெரியாமல், எலும்பு முறிந்தது தெரியாமல் நடந்து நடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பலர் சின்ன வயதிலேயே இறந்துவிடுகிறார்கள். உடம்புக்கு வலி எப்படியோ, முயற்சிக்குச் சோர்வு அப்படி. "இந்த வழியில் போனால் பலன் இல்லை, நில், யோசி" என்று சொல்லும் மணி அது.

எரிக் கிளிங்கர் என்ற உளவியலாளர் 1975-லேயே இதன் படிகளை எழுதிவிட்டார். ஒரு இலக்கு கைக்கு எட்டாமல் போனால் முதலில் மனிதன் இன்னும் வேகமாக முயல்கிறான். பிறகு கோபம் வருகிறது. அதற்கும் பிறகுதான் சோர்வு. அந்தச் சோர்வில் கொஞ்ச நாள் கிடந்து, இலக்கை விட்டுவிட்டு, மெல்ல வேறு பக்கம் திரும்புகிறான். காமர்ஸ் மாணவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த பாடம்தான். போட்ட பணம் போட்டதுதான். அது திரும்பி வராது. இனி எடுக்கும் முடிவில் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. புத்தகத்தில் இதைப் படித்து இரண்டு மார்க் வாங்கிவிடலாம். வாழ்க்கையில் இதைச் செய்ய வைப்பது மூளை அனுப்பும் அந்தச் சோர்வு.

சோர்வுக்கு இன்னொரு வேரும் உண்டு. அது அவமானம். ஜான் பிரைஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1967-ல் ஒரு கருத்தைச் சொன்னார். கூட்டமாக வாழும் விலங்குகளில் சண்டையில் தோற்றது தலை குனிந்து ஒதுங்கிக்கொள்கிறது. அப்படி ஒதுங்குவதால்தான் மேலும் அடி வாங்காமல் தப்பிக்கிறது. மனிதன் தலை குனிவதும் அங்கிருந்து வந்ததுதான் என்றார் அவர். தமிழில் இது புதிதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகை எதனால் வருகிறது என்று நாலு காரணம் சொல்கிறது. பிறர் இகழ்வது, உயிரையோ பொருளையோ இழப்பது, முன்பு இருந்த நிலையிலிருந்து தாழ்ந்து போவது, வறுமை. இன்றைக்கு ஒரு மனநல மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் இந்த நாலுக்குள் அடங்கிவிடும்.

சரி, இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் அது ஏன் ஆளையே சாய்க்கிறது?

நெஸ்ஸி இதற்குப் புகை எச்சரிக்கைக் கருவியை உதாரணம் காட்டுகிறார். தோசை கருகினாலும் அது கத்தும். நூறு தடவை பொய்யாகக் கத்தினாலும் பரவாயில்லை, நிஜமாகத் தீப்பிடிக்கும்போது ஒரு தடவை கத்தாமல் இருந்துவிடக் கூடாது. அதனால் கொஞ்சம் அதிகமாகவே கத்தும்படிதான் அதைச் செய்கிறார்கள். மனசும் அப்படித்தான். தேவைக்கு மேல் வருந்தும். சிலருக்கு அந்த மணி நிற்காமலே அடிக்கும். சிலருக்குக் காரணமே இல்லாமல் அடிக்கும். பரம்பரையாக வருவதும் உண்டு. சோர்ந்த மனசு பிரச்சினையை அலசி விடை கண்டுபிடிக்கத்தான் ஒதுங்குகிறது என்று ஆண்ட்ரூஸ், தாம்ஸன் என்ற இருவர் 2009-ல் எழுதினார்கள். ஆனால் ஒரே நினைப்பில் திரும்பத் திரும்ப உழல்வது சோர்வை இன்னும் நீட்டிக்கத்தான் செய்கிறது என்று சூசன் நோலன்-ஹோக்ஸிமாவின் ஆய்வுகள் காட்டின. செக்கு மாடு எத்தனை சுற்று சுற்றினாலும் ஊர் போய்ச் சேராது.

இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முக்கியம். மணி "வெளியே வா" என்று அடிக்கிறது. ஆனால் கதவு பூட்டியிருந்தால்?

அந்தத் திண்ணைக்காரர் வீட்டிலேயே ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கட்டிய பீஸ். தெருவில் எல்லோரிடமும் "எம்மவன் ஆடிட்டருக்குப் படிக்கான்" என்று சொல்லியாகிவிட்டது. அவன் ஒரு தடவை பெயில், இரண்டாவது தடவை பெயில். மூன்றாவது தடவை புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடவில்லை. அப்பாவுக்கு நிலத்தைத் தரிசாகப் போடத் தெரியும். "ஒரு வருஷம் போகட்டும், மண்ணும் ஆறட்டும்" என்று சொல்லத் தெரியும். ஆனால் பையனைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்ல வரவில்லை. "எப்பப் பாத்தாலும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கான், திமிரு" என்கிறார். பையனுக்குப் போகவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. சாதாரணச் சோர்வு நோயாக மாறுவது பல நேரம் இந்த இடத்தில்தான்.

அப்படியென்றால் கதவைத் திறந்துவிடுவதும் ஒரு வைத்தியம்தானே? தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். பரீட்சை ரிசல்ட் வரும் நாட்களில் அங்கே வரும் அழைப்புகள் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஒரு பாடத்தில் தோற்றாலும் ஒரு வருஷம் போச்சு என்ற நிலைமை இருந்தது. தோற்ற பாடத்தை உடனே திரும்ப எழுத வாய்ப்புக் கொடுங்கள் என்று அவர்கள் வலியுறுத்தினார்கள். 2000-களின் தொடக்கத்தில் உடனடித் தேர்வு வந்தது. அதே வருஷம் கல்லூரியில் சேரலாம் என்றானது. 2017-ல் பொதுத் தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையும் அரசு நிறுத்தியது. ஒன்று பூட்டிய கதவைத் திறந்தது. இன்னொன்று தலைகுனிவைக் குறைத்தது. இரண்டுக்கும் ஒரு மாத்திரைகூடத் தேவைப்படவில்லை!

சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் ஒரு சக்கரக் குழி இருக்கிறது. மனசு சரியில்லாதவர்கள் அதில் உட்கார்ந்து அம்மனை வேண்டினால் குணமாகும் என்பது நம்பிக்கை. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். அங்கே வந்து உட்கார்ந்தவரை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. சும்மா உட்கார ஒரு இடம், பக்கத்தில் குடும்பம், இவருக்குக் கஷ்டம் இருக்கிறது என்ற ஒப்புதல். வீட்டில் கிடைக்காத மூன்றும் அங்கே கிடைத்துவிடுகின்றன.

அதோடு நின்றுவிடவும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்ததைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது. காய்ச்சல் நல்லதுதான், கிருமியை எதிர்க்கிறது. அதற்காக 105 டிகிரி அடிக்கும்போது "உடம்பு வேலை செய்கிறது" என்று யாராவது சும்மா இருப்பார்களா? சோர்வுக்கு ஒரு பயன் உண்டு என்று தெரிந்துகொள்வது வேறு, நோயை அப்படியே விட்டுவிடுவது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு தூக்கம் கெட்டு, செத்துப் போகலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அது டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். மாத்திரை தேவைப்பட்டால் போட வேண்டியதுதான். அதில் வெட்கமே இல்லை.

2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் 20 பேருக்கு ஒருவர் வாழ்க்கையில் ஒரு தடவையாவது மனச்சோர்வு நோயால் பாதிக்கப்பட்டிருக்கிறார். 60 பேர் உள்ள வகுப்பில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் போனிலாவது பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். சிநேகாவின் எண் 044-24640050.

அந்த மூன்று பேரில் யாராவது பக்கத்து பெஞ்சிலேயே இருக்கலாம். கொஞ்ச நாளாக கேன்டீனுக்கு வராத ஆள். கேட்டால் "ஒண்ணும் இல்லடா" என்று சொல்கிற ஆள். "சியர் அப் மச்சி" என்று முதுகில் தட்டுவதால் பெரிதாக எதுவும் ஆகாது. "எதை விட முடியாம கஷ்டப்படுற?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் வர நேரம் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.