மறைத்தலும் குறைத்தலும்

1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0இல், இயங்கிக்கொண்டே சுருக்கப்பட்ட செயலிகள் படவுருக்களாகத் திரையின் அடியில் குவிந்தன. 1995இல் பணிப்பட்டை தோன்றி அவற்றை வரிசைப்படுத்திற்று. ஆயின் அதன் மூலையிலேயே புதியதொரு கூட்டம் சேர்ந்தது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, நெடுநேரம் பயன்படாத படவுருக்களை மறைத்தது. எனினும் மறைத்தல் வேறு, குறைத்தல் வேறு. கண்ணுக்குப் புலப்படாத செயலியும் நினைவகத்தில் இடங்கொள்கின்றது.

2002இன் பின்னர் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தோர் இவ்வுண்மையை நன்கறிவர். பையின் அடியில் வைத்த பொருளும் வெளியே எடுக்கப்படும். வேண்டாதவற்றை வீட்டிலேயே விட்டுப் புறப்படுவதே சுமை குறைக்கும் வழி. சாவடி 2015இல் அகற்றப்பட்டது. அது புகட்டிய பாடம் எஞ்சியுள்ளது.

கணினி தொடங்கும்போதே தாமாக எழும் செயலிகளுள் தேவையற்றவற்றை நிறுத்திவிடல் வேண்டும். நினைவகம் குறைந்த பழைய கணினியோடு பயிலும் மாணவர்க்கு, கட்டுரை உரிய நாளில் நிறைவுறுவதும் தடைப்படுவதும் இதனைப் பொறுத்தனவாகும்.