அறிவும் கையும்

கற்பிப்பவன் தானும் எதையாவது கற்றுக்கொண்டே இருத்தல் நலம். இவ்வெண்ணத்தோடுதான் ஐம்பத்து நான்காம் அகவையில் டென்னிஸ் மட்டையைக் கையிலெடுத்தேன். எனக்குப் பயிற்சி தருபவர் முன்பு என்னிடம் பயின்ற மாணவரே.

நான் கற்க விழைந்தது, ‘ஃபோர்ஹேண்ட்’ எனும் முன்கை வீச்சில் பந்துக்கு மேற்சுழற்சி ஊட்டும் கலை. 1976 முதல் 1980 வரை விம்பிள்டனில் தொடர்ந்து ஐந்து முறை வாகை சூடிய பியோன் போர்க் இவ்வீச்சுக்குப் பெயர் பெற்றவர். பிரெஞ்சுப் போட்டியை 14 முறை வென்ற ரஃபேல் நடாலுக்கும் இதுவே பெரும்படை.

வலையின் நடுப்பகுதி உயரம் 3 அடி. தாழ அடித்தால் பந்து வலையில் சிக்கும். உயர அடித்தால் எல்லைக்கோட்டைத் தாண்டும். முன்னோக்கிச் சுழலும் பந்துக்கோ மேற்புறத்தில் காற்றழுத்தம் மிகுகிறது, கீழ்ப்புறத்தில் குறைகிறது. ஆகவே, வலையை உயரத்தில் கடந்த பந்து விரைந்து தாழ்ந்து எல்லைக்குள் வீழ்கிறது. வீழ்ந்ததும் எதிராளியின் தோளுயரத்திற்குத் துள்ளுகிறது.

இதற்கு மட்டையைப் பந்துக்குக் கீழே தாழ்த்தி, பந்தின் பின்புறத்தைக் கீழிருந்து மேலாக உரசி வீச வேண்டும். “கையை இறுக்காதீங்க, சார்” என்பார் அவர். இறுகிய கையில் மட்டை விரைவதில்லை.

இவ்விளக்கம் முதல் நாளே என் அறிவுக்கு எட்டியது; கைக்கு எட்ட ஆறு திங்கள் ஆயின. வகுப்பில் “புரியுது சார்” என்று சொல்லிவிட்டுக் கணக்கைப் பிழையாகப் போடும் பிள்ளை பொய் சொல்வதில்லை. அறிவிலிருந்து கைக்குச் செல்லும் நெடுவழியில் அவன் நடந்துகொண்டிருக்கிறான். அவனுக்கும் இன்னும் நூறு பந்துகள் வேண்டும். வீசித் தருவோருக்குப் பொறுமை வேண்டும்.