அடைத்தவர் மீதே பொறுப்பு

நன்னீர்த் திருக்கை வளர்க்க மார்க்கத்தில் அனுமதி உண்டா என்று மாணவர் ஒருவர் கேட்டார். "முதலில் மணலைத் தேர்ந்துகொள்ளுங்கள் தம்பி" என்றேன்.

தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் அம்மீன் மணலில் புதைந்தே இளைப்பாறுகிறது. அதன் வாயும் செவுள்துளைகளும் வயிற்றுப்புறத்தில் உள்ளன. கூரிய சரளை அவ்விடத்தைப் புண்ணாக்கும்; வழவழப்பான நுண்மணலே ஏற்றது. சிப்பித்துகள் கலந்த மணல் நீரின் கடினத்தன்மையைக் கூட்டும்; வினிகர் விட்டு நுரைத்தால் அதைத் தவிர்க்க வேண்டும். நன்கு அலசி, 2 அங்குலத்துக்கு மிகாமல் பரப்பினால் போதும்.

பூனையை அடைத்து, உணவும் அளிக்காமல், தானே இரைதேடவும் விடாத பெண் தண்டிக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆற்றில் திருக்கை தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். தொட்டியில் நாம் இட்டதன் மீதே கிடக்கும். அது நம்மிடமுள்ள அமானிதம்.