எஞ்சிய பன்னிரண்டு

ஈஜிபுராவின் ஒற்றை அறையொன்றில், திரிபுராவிலிருந்து வந்த காவலாளி ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பிய கையோடு ஃபால்சிபாரம் மலேரியாவில் படுத்தார். வடகிழக்கில் சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் வலுவிழந்துவிட்டதால், 2013 முதல் அம்மாநிலங்களுக்கு அரசு விதித்திருப்பது ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபேன்ட்ரின் கூட்டு மருந்து. மருத்துவர் அதையே எழுதினார்: மூன்று நாள், ஆறு வேளை, 24 மாத்திரை, பாலோடு.

இரண்டாம் நாள் காலையிலேயே காய்ச்சல் விட்டது. மீதத்தை அவர் பெட்டியில் பத்திரப்படுத்தினார். அடுத்தமுறை ஊருக்குப் புறப்படுகையில் முன்கூட்டியே விழுங்கலாமாம். (தமிழில் இந்நோய்க்கு ‘முறைக்காய்ச்சல்’ என்று பெயர், விட்டுவிட்டு வருவது அதன் இயல்பு.)

ஆர்ட்டிமீத்தர் விரைந்து தாக்கிச் சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கிவிடும். தப்பிய ஒட்டுண்ணிகளைப் பல நாள் தங்கி அழிப்பது லூமிஃபேன்ட்ரின். பாதியில் நிறுத்தினால் மிஞ்சுபவை மருந்துக்குப் பழகிவிடக்கூடும். பயணிகளின் முன்காப்புக்குரிய கூட்டு வேறு, அட்டோவகோன்-புரோகுவானில்.

பக்கத்து அறை அம்மாள் அட்டையை வாங்கி எண்ணினார். பன்னிரண்டு. அடுப்பில் பாலை ஏற்றினார்.