மிஞ்சிய தால்சா

மூலக்கொத்தளத்தில் எங்கள் தெருவில் நடந்த ஒரு வலீமா விருந்தின் தால்சா, தூக்குச்சட்டி நிறைய எம் இல்லம் வந்தது. துவரம்பருப்பும் சுரைக்காயும் ஆட்டெலும்பும் குழைந்த ஆணம். உண்டது போக மிஞ்சியதைச் சூடு ஆறுமுன் இறுக மூடி வைத்தோம். கடலோரப் புழுக்கம் விடியுமுன் தன் வேலையைக் காட்டிவிட்டது. திறந்தால் நுரை, புளித்த வாடை.

"கொதிக்க வைத்து, அடுத்த வீட்டு மூட்டை தூக்கும் தொழிலாளிக்குக் கொடுத்துவிடலாமே" என்றேன்.

"நீங்கள் உண்பீர்களா?" என்றாள் என் இல்லாள்.

நாமே கண்மூடிக்கொண்டன்றிப் பெறமாட்டாத பொருளைத் தர்மம் செய்யலாகாது என உணர்த்தும் அல்பகரா 267-ஆம் வசனத்தை எத்தனை மாணவர்க்கு ஓதிக்கொடுத்திருப்பேன்! நாணினேன். கிருமிகள் கொதியில் மடிந்தாலும், அவற்றுட் சில முன்பே கக்கிய நஞ்சு அழிவதில்லை. தால்சா குப்பைக்குப் போயிற்று.

வீண்விரயத்தை அரபியில் 'தப்தீர்' என்பர். விதை எனப் பொருள்படும் 'பத்ர்' அதன் வேர். விதையைக் கண்டபடி இறைப்பதே தப்தீர். பருப்பும் விதையன்றோ?

இப்போதெல்லாம் ஆணம் வந்ததும் சூடாக முதற்பங்கு அடுத்த வீட்டுக்குப் போகிறது. நாங்கள் உண்டு மிஞ்சுவதை அகன்ற பாத்திரத்தில் பரப்பி ஆற்றி, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைக்கிறோம். மறுநாள் வேண்டிய அளவு மட்டும் எடுத்து, நீர் சேர்த்து, அடிவரை கிளறிக் கொதிக்க வைக்கிறோம், ஒரே ஒரு முறை.